வேலாயி பேருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் சொல்லப்போவதில்லை. அங்கே காலைப் பெரட்டில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும்போது கணக்கப்பிள்ளை "வேலாயி" என்பார். "ஆமாங்க" என்று அம்மாக்கண்ணு முன்னால் வருவாள். பதினோரு வருடம் இந்தக் கூத்து நடந்தது. அவள் வேலாயி இல்லை என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், கொழுந்து நிறுக்கிறவனுக்கும் தெரியும். துரைக்கு மட்டும் தெரியாது என்று யாராவது சொன்னால் பங்களா நாய்கூடச் சிரிக்கும்.

வேலாயி என்பவள் அம்மாக்கண்ணுவின் ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் பெண்சாதி. கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். தோட்டப் பதிவில் அவள் பெயரை வெட்டினால் அந்தப் பெயருக்குக் கொடுத்திருக்கிற லயத்துக் காம்பராவும், அதாவது வரிசை வீட்டில் ஒரு அறையும், போய்விடும். அம்மாக்கண்ணு பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வந்த காலத்தில் தோட்டம் புதுப் பெயர் பதிவதை நிறுத்தியிருந்தது. ஒருத்திக்குப் பெயர் இருந்தது, ஆள் இல்லை. இன்னொருத்தி ஆளாக நின்றாள், பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தோட்டம் ஒரு தொழிலாளியாக்கிக்கொண்டது. கூடை நிறைந்தால் சரி, பறிக்கிற கைக்குச் சொந்தக்காரி யார் என்று கேட்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

நான் பக்கத்து டிவிஷனில் லயத்தில் பிறந்தவள். பெயர் தனுஜா. படித்து, டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட நாளிலிருந்து என்னைவிட மூத்தவர்கள்கூட "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அம்மாக்கண்ணுவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள், பல்லெல்லாம் சொத்தை. புருஷன் பழனியாண்டி குடித்தே போய்ச் சேர்ந்தான், பிள்ளை கிடையாது. அடுத்தவர் பெயரில் வாழ்ந்தவளுக்கு அடுத்தவர் பொருள் என்றால் மட்டும் ஆகவே ஆகாது. பக்கத்துக் காம்பராவில் ஒரு கோப்பை சீனி வாங்கினால் கோபுரமாகக் குவித்துத் திருப்பிக் கொடுப்பாள். மலையில் எவளோ விட்டுப்போன, மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியை மூன்று நாள் தோளில் போட்டுக்கொண்டு சொந்தக்காரியைத் தேடினாள். இப்படிப்பட்ட நேர்மையைப் பார்த்தால் சிலருக்குக் கண் கலங்கும். எனக்கு எரிச்சல்தான் வரும். ஊரையே ஏமாற்றுகிற கம்பனி ஒரு பக்கம், கொங்காணிக்குச் சொந்தக்காரி தேடுகிறவள் ஒரு பக்கம்.

பெட்ரோல் வரிசைகள் ஓய்ந்த மறு வருடம் அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. மூன்று வாரம், தினமும் பின்னேரமானால் குளிரும் காய்ச்சலும். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி என்று போனாலும் அதுதான், கால் உடைந்து போனாலும் அதுதான். கடைசியில் மலையில் மயங்கி விழுந்த பிறகு லொறியில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறி வேண்டுமென்றால் டிஸ்பென்சரித் துண்டு வேண்டும், துண்டு வேண்டுமென்றால் பதிவில் பெயர் வேண்டும். ஆகவே துண்டில் "வேலாயி, வயது 54" என்று எழுதியிருந்தது. அம்மாக்கண்ணுவுக்கு அப்போது நாற்பத்தாறு. எட்டு வயது வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லையா என்று பின்னால் ஒரு நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன். "தோட்டத்து ஆளுங்களுக்கு வயசு கண்டுபிடிக்க ஏலுமா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி, சின்ன வயதுக் காய்ச்சலில் ஏற்கெனவே பழுதாகியிருந்த இதய வால்வில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெனிசிலின் போட்டார்கள். சாதாரண அளவு இல்லை. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நரம்பு வழியாக, ஆறு வாரத்துக்கு. அதுதான் சரியான வைத்தியம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி மாலையும் ஒரு மோல்ட் சத்துமா டின்னுமாக வந்து சேர்ந்தார். தோட்டத்தில் சம்பளப் பேச்சு என்றால் ஆளைக் காணமுடியாது, கமரா என்றால் ஓடிவருவார். "எமது தொழிலாளி வேலாயி அம்மையாரை நலம் விசாரித்தபோது" என்று முகநூலில் படம் போட்டார்கள். படத்தில் அம்மாக்கண்ணு முந்தானையால் பாதி முகத்தை மூடியிருக்கிறாள். வெட்கப்படுகிறாள் என்று கீழே நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது வாரத்தில் அவள் வெளுக்க ஆரம்பித்தாள். கண் மஞ்சளித்தது, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது. இரத்த அளவு பத்திலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஐந்து. வார்டுக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்று, "எஸ்டேட் லேடி. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டா எங்கே இரத்தம் ஊறும்? அயன் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பத்து நாளில் பாதி இரத்தம் காணாமல் போவதற்கும் ரொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை. மலைநாட்டுப் பொம்பளை என்றால் இரத்தம் குறைவாகத்தான் இருக்கவேண்டும் என்று பிறக்கும்போதே எழுதி வைத்துவிட்டார்கள். அந்த எழுத்தைப் படித்துவிட்டு வைத்தியம் பார்க்க ஆறு வருடப் படிப்பு எதற்கு?

இரத்தம் ஏற்றவேண்டும் என்று மாதிரி என்னிடம் வந்தது. கொடையாளி இரத்தம் அழகாகப் பொருந்தியது. ஆனால் நோயாளியின் அணுக்களை அவருடைய சொந்த இரத்த நீரோடே கலந்து பார்க்கிற குழாய் ஒன்று உண்டு. அவசரத்தில் பலர் அதை விட்டுவிடுவார்கள். எனக்கு விட மனசு வராது. அந்தக் குழாயில் சிவப்பணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தன. அணுக்களின் மேல் எதிர்ப்புப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் சோதனை செய்தேன், பலமாகத் திரண்டது. பிறகு வேறு ஆளின் நல்ல அணுக்களை எடுத்துப் பெனிசிலினில் ஊறவைத்து அவளுடைய இரத்த நீரில் போட்டேன், அதுவும் திரண்டது. ஊறவைக்காத அணுக்கள் சும்மா கிடந்தன. அப்போதே விஷயம் விளங்கிவிட்டது.

அவ்வளவு பெரிய அளவில், அத்தனை நாளாக மருந்து ஓடும்போது அதில் கொஞ்சம் சிவப்பணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான ஆட்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஒரு சிலருடைய உடம்பு மட்டும் மருந்துக்கு எதிராக எதிர்ப்புப்பொருள் செய்துவிடும். அந்த எதிர்ப்புப்பொருள் மருந்தைத் தேடிப் பிடிக்கும். மருந்து ஒட்டியிருக்கிற அணுவையும் சேர்த்தே பிடிக்கும். பிடிபட்ட அணுக்களை மண்ணீரல் தின்றுவிடும். மருந்தை நிறுத்தாமல் எத்தனை பை இரத்தம் ஏற்றினாலும் அதுவும் அதே வழியில்தான் போகும்.

வார்டுக்கு ஓடினேன். டாக்டர் ரிஃப்னா என்று ஒரு இளம் டாக்டர் இருந்தார். என்னை உட்காரவைத்துப் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கே மருந்தை மாற்ற வைத்தார். பெரிய டாக்டர் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "நானும் இதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். அயன் மாத்திரை கொடுத்துச் சந்தேகப்பட்டிருக்கிறார் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு மாதிரி எடுக்க நானே வார்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மாக்கண்ணு அக்காதானே நீங்க?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை. "சத்தமா சொல்லாதீங்க மிஸ். வேலாயி அக்கா பேருலதான் வந்திருக்கேன். தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க. பேரு போனா காம்பரா போயிரும். அவங்க திரும்பி வந்தா எங்க போவாங்க? யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். எனக்கு அது பெரிய காரியமாகவே தெரியவில்லை. எங்கள் டிவிஷனிலும் இப்படிப் பத்துப் பேர் இருக்கிறார்கள். காட்டிக்கொடுக்கிறவள் என்று பெயர் எடுக்கவும் நான் தயாராக இல்லை.

அவள் தேறினாள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவளுடைய கார்டில் நானே சிவப்பு மையால், மூன்று மொழியிலும் எழுதினேன்: பெனிசிலின் கொடுக்கக்கூடாது, எதிர்ப்புப்பொருள் உண்டு, இரத்தம் அழியும். கார்டில் பெயர் வேலாயி.

"எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இத முதல்ல காட்டணும்க்கா. ஒங்க ஒடம்பு அந்த மருந்த மறக்காது. மறுபடி குடுத்தா இந்தத் தடவை மாதிரி மூணு வாரம் எல்லாம் எடுக்காது."

"வேலாயின்னு போறப்பவா மிஸ்?"

"எப்பப் போனாலும்தான்" என்றேன், கொஞ்சம் சலிப்போடு. கேள்வி முட்டாள்தனமாகப் பட்டது. அவள் அந்தக் கேள்வியை எவ்வளவு யோசித்துக் கேட்டாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

போன வருடம் வேலாயி திரும்பி வந்தாள். முழங்கால் போய்விட்டது, கொழும்பு வீட்டுக்காரர்கள் இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவளுக்குப் பெயரும் வேண்டும், காம்பராவும் வேண்டும். அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். பெயரைக் கொடுத்தாள், காம்பராவைக் கொடுத்துவிட்டுப் பின்னால் அடுப்பெரித்த தகரக் குசினிக்குக் குடிபோனாள். வேலாயி பெயரில் இருந்த கிளினிக் கொப்பி, துண்டுகள், கடிதங்கள், ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். தலைவர் "வேலாயிக்கு" என்று கொடுத்த மோல்ட் டின்னைக்கூடக் கழுவிக் கொடுத்தாளாம். அந்தப் பையில்தான் நான் எழுதிய கார்டும் போனது. அவள் கணக்கில் அது வேலாயியின் கார்டு. வேலாயி என்று எழுதியிருக்கிற பொருளை அம்மாக்கண்ணு எப்படி வைத்துக்கொள்வாள்?

வேலாயி அந்தக் கார்டை முழங்கால் கிளினிக்கில் காட்டினாள். அவர்களும் பயபக்தியோடு அவள் கொப்பியில் எச்சரிக்கையைப் பெரிதாக எழுதிக்கொண்டார்கள். ஒரு நாளும் பெனிசிலின் ஏறாத உடம்புக்கு இரண்டு இடத்தில் காவல், ஏறி இரத்தம் அழிந்த உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்த வருடம் பங்குனியில் அம்மாக்கண்ணுவுக்கு மறுபடி அதே காய்ச்சல். இப்போது அவள் நாள் கூலிக்குப் போகிற வெளியாள், தோட்டத்து லொறி கிடையாது. பஸ்ஸில் தானே வந்தாள். பதிவு மேசையில் "அம்மாக்கண்ணு" என்று சத்தமாகச் சொன்னாளாம். முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்தாள். ரிஃப்னா மாற்றலாகிப் போயிருந்தார். பெரிய டாக்டர் அதே ஆள்தான். தன் கையால் டிக்கட் வெட்டி அனுப்பிய நோயாளியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும்! அதே வால்வு, அதே கிருமி. அதே மருந்தை அதே பெரிய அளவில் எழுதினார்.

நான் கீழ்மாடியில்தான் இருந்தேன். ஆறாவது நாள் ஒரு குழாயும் ஒரு கடுதாசியும் வந்தன. "அம்மாக்கண்ணு, 48. இரத்த அளவு நாலு. இரும்புச்சத்துக் குறைவு. இரண்டு பை தேவை." பெயரைப் படித்ததும் ஆள் யாரென்று விளங்கிவிட்டது. சோதனை செய்யாமலே விடை தெரிந்தது. ஆனாலும் செய்தேன், செய்யாமல் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? போன தடவையைவிடப் பலமாகத் திரண்டது.

மருந்தை நிறுத்தவைத்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போனேன். உதட்டில் இரத்தமே இல்லை. ஒக்சிசன் குழாயை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா சொல்லலை? எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டாங்கல்ல?"

"கேட்டாங்க மிஸ். எனக்கு இல்லைங்கன்னேன். அது வேலாயி அக்காவுக்குத்தானே."

"வேலாயி ஒடம்புலயா அந்த மருந்து ஏறுச்சு? ஒங்க ஒடம்புலதானே!"

"ஒடம்பு என்னோடதுதான். அதச் சொன்னா, அப்ப வேலாயின்னு படுத்திருந்தது யாருன்னு கேப்பாங்க. அவங்களுக்கு முட்டிக்கால் ஏலாது மிஸ். இருக்கறது அந்த ஒரு காம்பராதான்." ஒக்சிசன் குழாயை மறுபடி மூக்கில் பொருத்திக்கொண்டாள். பிறகு, "நீங்களும் சத்தியம் பண்ணிட்டு யாருக்கும் சொல்லலைதானே. நான் மட்டும் எப்படிச் சொல்றது?" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை, மெச்சினாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

மருந்தை மாற்றினார்கள். இரத்தம் ஏற்றினார்கள், எதிர்ப்பை அடக்குகிற மருந்தும் போட்டார்கள். இரத்த அளவு கொஞ்சம் ஏறவும் செய்தது. ஆனால் பழுதான வால்வோடு, நாலு இரத்தத்தில் அத்தனை நாள் அடித்த இதயம் அதற்குமேல் தாங்கவில்லை. நாலாவது நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் போய்விட்டாள். பக்கத்துக் கட்டிலில் சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மருந்தால் வந்த சாவு என்பதால் மேலிடத்துக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். பெரிய டாக்டர் தன் பகுதியை நிரப்பி, "முன்னைய பதிவு எதுவும் இல்லை, எங்கள் பக்கம் பிழையில்லை" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு என்னிடம் தள்ளினார். பரிசோதனைக்கூடத்துக்கு உரிய பகுதியில் மூன்றாவது கேள்வி: நோயாளி முன்பு இம்மருந்தைப் பெற்றதாகத் தெரியுமா? ஆம் அல்லது இல்லை.

ஆம் என்று எழுதினால் எப்போது, எந்தப் பெயரில் என்று கேட்பார்கள். வேலாயியின் பெயர் போகும். அதோடு, தெரிந்திருந்தும் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று என்னையும் கேட்பார்கள். கண்ணாடிக்கு வெளியே, அம்மாக்கண்ணுவின் பிரேதத்தை எடுத்துப்போக வந்த வேலாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் நொண்டி நொண்டி உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மிஸ், எம் பேரு எதுலயும் வராதுங்களே?"

"வராதுக்கா. நீங்க போங்க."

டிஸ்பென்சரி, சங்கம், துரை, பெரிய டாக்டர் என்று எல்லாரையும் இவ்வளவு நேரம் வாய் வலிக்கத் திட்டிவிட்டேன். அவர்களுக்கெல்லாம் அவள் யாரென்று தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அவள் யார், அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று இரண்டும் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். மூன்றாவது கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.